பெயர் சொல்லி நிற்பவரும் பெயரின்றி மறைபவரும்: பாலியல் தொழிலாளர் தன்வரலாறுகளை எவ்வாறு வாசிப்பது?

பாலியல் தொழிலாளர்களின் தன்வரலாறுகள் வெளிவரும்போதெல்லாம் இருவகை வாசிப்புகளே மேலோங்குகின்றன. ஒன்று, அவற்றை ஒழுக்கக்கேட்டின் வாக்குமூலமாகக் கருதி முகஞ்சுளிப்பது. மற்றொன்று, துணிச்சலின் அடையாளமெனக் கொண்டாடிவிட்டு நகர்ந்துவிடுவது. இரண்டுமே ஒரு கேள்வியைத் தவிர்க்கின்றன: இருவர் பங்குபெறும் ஒரு பரிமாற்றத்தில், பொதுவெளியில் பெயரோடும் முகத்தோடும் வந்து நின்று அதற்கான விலையைத் தருபவர் ஏன் பெரும்பாலும் ஒருவர் மட்டுமே? சாதி ஒழிப்பு அரசியலைப் பேசும் நாம் இக்கேள்வியிலிருந்தே இந்நூல்களை அணுக வேண்டியிருக்கிறது.

கேரளத்தின் திருச்சூர் மாவட்டத்தைச் சேர்ந்த நளினி ஜமீலாவின் தன்வரலாறு 2005இல் மலையாளத்தில் வெளியானது. சில மாதங்களிலேயே பல பதிப்புகளைக் கண்ட அந்நூல், பின்னர் தமிழிலும், ஜெ. தேவிகாவின் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்திலும் வந்தது. மூன்றாம் வகுப்போடு பள்ளியை இழந்து, இளம் வயதிலேயே கூலிவேலைக்குச் சென்ற ஒரு பெண், கணவர் இறந்தபின் தன் இரு குழந்தைகளைப் பராமரிக்க நாளொன்றுக்கு 5 ரூபாய் மாமியாரிடம் கொடுக்க வேண்டிய நெருக்கடியில் இத்தொழிலுக்குள் வந்ததை அது விவரிக்கிறது. அவருடைய முதல் வாடிக்கையாளர் ஓர் உயர் காவல் அதிகாரி. அவருடன் இரவைக் கழித்துவிட்டு வெளியே வந்த பெண்ணை அதே காவல்துறை பிடித்துச் சென்று அடித்தது. அந்த அதிகாரி வரலாற்றில் பெயரற்றவராகவே நீடிக்கிறார். அடிவாங்கிய பெண்ணின் பெயரோ நூலின் அட்டையில் இருக்கிறது.

தன்வரலாற்றின் முதல் வடிவம் சமூக ஆர்வலர் ஒருவரின் துணையுடன் எழுதப்பட்டது. அதில் நிறைவுகொள்ளாத ஜமீலா, நூலைத் திருத்தி மீண்டும் வெளியிட்டார். தன் வாழ்க்கையைச் சொல்லும் உரிமையோடு, அதை எந்த மொழியில், எவ்வளவு சொல்வது என்று தீர்மானிக்கும் உரிமையும் தன்னுடையதே என்பதுதான் அச்செயலின் பொருள். ஒடுக்கப்பட்டோரின் சொற்களைப் பிறர் தொகுத்துத் தரும் வழக்கத்தை நன்கறிந்த நமக்கு இதன் முக்கியத்துவம் எளிதில் விளங்கும்.

வாடிக்கையாளர்கள் தம் பெயரிலேயே எழுதிய நூல்கள் அரிது. கனடாவின் படக்கதைக் கலைஞர் செஸ்டர் பிரவுன் 2011இல் வெளியிட்ட ‘பேயிங் ஃபார் இட்’ அவற்றுள் பரவலாக விவாதிக்கப்பட்டது. பாலியல் சேவைக்குப் பணம் கொடுத்த தன் அனுபவங்களைச் சொந்தப் பெயரிலேயே அவர் வரைந்தார். அப்பெண்களின் அடையாளம் வெளிப்பட்டுவிடக் கூடாது என்பதற்காகப் பெயர்களை மாற்றி, முகங்களை மறைத்தார். அது பொறுப்பான முடிவே. எனினும் இரு நூல்களையும் அருகருகே வைத்தால் ஓர் உண்மை புலப்படுகிறது. தன்னை வெளிப்படுத்திக்கொண்ட பின்னரும் பிரவுன் ஒரு கலைஞராகவே அறியப்படுகிறார். ‘வாடிக்கையாளர்’ என்பது அவரது பெயரின் முன்னொட்டாக மாறவில்லை. ஜமீலாவோ, ஆடை வடிவமைப்புக்காகக் கேரள அரசின் திரைப்பட விருதுகளில் சிறப்புக் குறிப்பு பெற்ற செய்தியிலும்கூடத் தொழிலின் பெயராலேயே அறிமுகப்படுத்தப்பட்டார். ஆணுக்கு இது அவர் செய்த ஒன்று. பெண்ணுக்கோ அவர் யார் என்பதாகவே ஆகிவிடுகிறது.

இந்த ஏற்றத்தாழ்வு இந்தியச் சட்டத்திலும் பதிந்துள்ளது. 1956ஆம் ஆண்டின் ஒழுக்கக்கேடான கடத்தல் தடுப்புச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, பொது இடத்தில் பாலியல் தொழிலுக்கு அழைப்பதைக் குற்றமாக்குகிறது. முதல்முறை தண்டிக்கப்படும் பெண்ணுக்கு 6 மாதம் வரை சிறை விதிக்கலாம். அதே குற்றத்தைச் செய்யும் ஆணுக்கு உச்ச அளவு 3 மாதம்தான். நம் நாளிதழ்களில் ‘அழகிகள் கைது’, ‘அழகிகள் மீட்பு’ எனத் தலைப்பிட்டு, துப்பட்டாவால் முகம் மூடிய பெண்களின் படங்கள் வெளியாவதை நெடுங்காலமாகப் பார்த்துவருகிறோம். அந்த அறையில் இருந்த ஆண்கள் அப்படங்களில் அரிதாகவே தென்படுகின்றனர்.

உச்ச நீதிமன்றம் 2022 மே 19 அன்று புத்ததேவ் கர்மஸ்கர் வழக்கில் பிறப்பித்த உத்தரவுகள் இப்பின்னணியில் கவனத்திற்குரியவை. அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் உறுப்பு உறுதியளிக்கும் கண்ணியமான வாழ்வு பாலியல் தொழிலாளர்களுக்கும் உரியது என்று நீதிமன்றம் வலியுறுத்தியது. கைது, சோதனை, மீட்பு நடவடிக்கைகளின்போது அவர்களின் அடையாளத்தை வெளியிடாதிருக்க ஊடகங்கள் மிகுந்த கவனம் கொள்ள வேண்டும் என்றும் கூறியது. தானே முன்வந்து பெயரைச் சொல்வது உரிமை. பிறர் வலிந்து முகத்திரையை விலக்குவது வன்முறை. மறைந்திருக்கும் உரிமை இல்லாத இடத்தில் வெளிப்படும் உரிமைக்குப் பொருளில்லை.

இனி சாதிக்கு வருவோம். தேவதாசி, ஜோகினி முறைகளின் பெயரால் தென்னிந்தியாவிலும் மராட்டியத்திலும் நேர்ந்துவிடப்பட்ட பெண்களில் மிகப் பெரும்பான்மையோர் அண்மைக் காலங்களில் தலித் சமூகங்களைச் சேர்ந்தவர்களே. சென்னை மாகாணத்தில் 1947, கர்நாடகத்தில் 1982, ஆந்திரத்தில் 1988 எனத் தடைச்சட்டங்கள் வந்தன. ஆனால் அப்பெண்களின் உடலை ஊருக்குப் பொதுவாக்கியது எதுவோ, அந்தச் சாதிக் கட்டமைப்பு சட்டத்தால் மட்டும் கலையவில்லை. ஊரறிய நேர்ந்துவிடப்பட்ட பெண்ணுக்குப் ‘பொதுவெளிக்கு வருதல்’ என்பதன் பொருளே வேறு. அவர் ஏற்கெனவே பொதுவாக்கப்பட்டவர். அவருக்கு மறுக்கப்பட்டது அந்தரங்கம்.

தலித் பெண்களின் ஒழுக்கத்தைப் பற்றிய அவதூறு, அவர்கள்மீதான வன்முறைக்கு நியாயம் கற்பிக்கும் கருவியாக இருந்துவந்துள்ளது. 2006இல் கயர்லாஞ்சியில் போத்மாங்கே குடும்பத்தின் நால்வர் கொல்லப்பட்ட பின்னும், கொலையுண்ட தாயின் நடத்தையைப் பற்றிய வதந்திகளே முதலில் பரப்பப்பட்டன. சேரியின் வாழ்வை எழுதியதற்காகவே, 1992இல் ‘கருக்கு’ வெளியானபோது பாமா சொந்த ஊராரின் கோபத்தை எதிர்கொள்ள நேர்ந்தது. இத்தகைய சூழலில், பாலியல் தொழிலில் இருந்த ஒரு தலித் பெண் தன் பெயரில் எழுதினால், அது அவர் ஒருவரின் கதையாக வாசிக்கப்படாது. ஒரு சமூகத்தின்மீது முன்பே சுமத்தப்பட்ட பழிக்குச் சான்றாகவே திருப்பப்படும். தன்வரலாற்றில் வலுவான மரபைக் கொண்ட தலித் இலக்கியத்தில் இக்குரல் அரிதாக ஒலிப்பதற்கு இது ஒரு முதன்மையான காரணம்.

நம் இயக்கத்திற்குள்ளும் இதில் ஒத்த கருத்து இல்லை. 1936 ஜூன் 16 அன்று பம்பாயின் பரேல் பகுதியிலுள்ள தாமோதர் மண்டபத்தில், காமாத்திபுராவின் பெண்கள் உள்ளிட்டோரிடம் பேசிய அண்ணல் அம்பேத்கர், இழிவுக்குரிய அவ்வாழ்வைக் கைவிடுமாறு கடுமையாகவே வலியுறுத்தினார். பிழைப்புக்கு நூற்றுக்கணக்கான வழிகள் உண்டு என்றார். மறுபுறம், மராட்டியத்தின் சாங்லியில் தேவதாசிப் பின்னணி கொண்ட பெண்கள் பலர் பங்கேற்கும் ‘வேசியா அன்யாய் முக்தி பரிஷத்’ என்ற அமைப்பு, இதையும் உழைப்பாக ஏற்று உரிமை வழங்கக் கோருகிறது. இந்த முரணை மழுப்ப வேண்டியதில்லை. சாதியின் பெயரால் ஒரு பெண்ணும் இத்தொழிலுக்குள் தள்ளப்படக் கூடாது என்பதில் சமரசத்திற்கு இடமில்லை. அதே வேளையில், இன்று அத்தொழிலில் வாழும் பெண்ணுக்குக் குடும்ப அட்டையும் மருத்துவமும் காவல்துறையின் அடியிலிருந்து பாதுகாப்பும் வேண்டும் என்பதும் அக்கோரிக்கைக்கு எதிரானதன்று. நூற்றுக்கணக்கான அந்த வழிகளைத் திறந்துவைக்கும் கடமை சமூகத்தையும் அரசையும் சார்ந்தது. அதை நிறைவேற்றாமல், வழியின்றி நிற்பவரை மட்டும் குற்றஞ்சாட்டுவது அம்பேத்கரியம் ஆகாது.

ஆகவே இத்தகைய தன்வரலாறு ஒன்றைக் கையிலெடுக்கும் மாணவரும் செயற்பாட்டாளரும் சில கேள்விகளோடு அதைத் திறக்கட்டும். இதில் பெயரிடப்பட்டவர் யார், பெயரிடப்படாதவர் யார்? சொற்கள் யாருடையவை, விற்பனையின் பயன் யாருக்கு? இவரை இங்கே கொண்டுவந்து நிறுத்தியதில் சாதிக்கும் நிலமின்மைக்கும் கூலிக்கும் என்ன பங்கு? எழுதியவரின் ஒழுக்கத்தை எடைபோடுவதற்கு முன், அவருடைய அனுபவத்தைச் சாட்சியமாக ஏற்க நாம் கற்றுக்கொள்ள வேண்டும். எழுத விரும்பாதவரின் மௌனத்தையும் அதே மதிப்போடு காக்க வேண்டும்.