சாட்டையைப் புகழ்வோரும் வார் பின்னிய கைகளும்

நமது இலக்கிய உலகிலே மிகவும் மலிந்துவிட்ட சொற்களுள் ஒன்று ‘சாட்டையடி’. வெள்ளவத்தையிலே ஒரு நூல் வெளியிடப்பட்டால் கவிஞரின் வரிகள் சாட்டையடி. கொட்டாஞ்சேனையிலே ஒரு நாடகம் அரங்கேறினால் அதன் வசனங்கள் சாட்டையடி. சமுதாயத்தின் முதுகிலே விழும் இந்தக் கற்பனைச் சாட்டைகளை எண்ணி மாளாது. ஆனால், உண்மையான சாட்டையைப் பின்னியவன் யார், அவனுக்கு நாம் கொடுத்த இடம் யாது என்று வினவியவர் எத்தனை பேர்?

தோற்சாட்டை எளிதில் உருவாவதன்று. உரித்த தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிர் நீக்கி, சதை வழித்து, ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய நீரிலே பல நாட்கள் பதனிடவேண்டும். பதமான தோலை நேராக அறுத்தால், தோலின் நீளமே வாரின் நீளம். ஆகவே கைவினைஞன் ஓரத்திலிருந்து நடுப்பகுதியை நோக்கி வட்டவட்டமாக, சுருள் போல அறுக்கிறான். சிறியதொரு தோலிலிருந்து பல முழ நீள வார் கிடைக்கிறது. அதை இழுத்து நீட்டி, விளிம்பு சீவி, கொழுப்புத் தடவி, நடுவே ஒரு கருவை வைத்து நான்கு புரியாகவோ எட்டுப் புரியாகவோ பின்னுகிறான். நுனியை நெருங்க நெருங்கப் புரிகளைக் குறைத்துக்கொண்டே போகவேண்டும். பின்னல் தளர்ந்தால் சாட்டை உயிரற்றுத் தொங்கும். இழுப்பு ஒருபுறம் கூடினால் முறுக்கிக்கொள்ளும்.

இவ்வளவு பாடு எதற்கு? பௌதிகம் விடை கூறுகிறது. கைப்பிடியிலே பிறக்கும் வளைவு நுனியை நோக்கி ஓடும்போது, அது சுமக்கவேண்டிய எடை குறையக் குறைய வேகம் பெருகுகிறது. முடிவிலே வினாடிக்கு ஏறத்தாழ 340 மீற்றர் என்னும் ஒலியின் வேகத்தையும் அது கடந்துவிடுகிறது. நாம் கேட்கும் ‘படீர்’ என்ற ஓசை தோல் எதையும் தாக்குவதால் எழுவதன்று. காற்றிலே பிறக்கும் அதிர்ச்சியலை அது. அந்த அலை ஓடும் வளைவிலிருந்தே பிறக்கிறது என்பதை அரிசோனாப் பல்கலைக்கழகக் கணித அறிஞர் இருவர் 2002ஆம் ஆண்டிலே சமன்பாடுகளால் விளக்கினர். மட்டமாகப் பறந்த விமானமொன்று ஒலியின் வேகத்தை முதன்முதலில் கடந்தது 1947இல். வார் பின்னியவனோ அந்தச் சரிவின் அளவைத் தலைமுறை தலைமுறையாக விரல்களால் அறிந்திருந்தான். அந்த விரல்களைத்தான் நாம் தீண்டத்தகாதவை என்றோம்.

தமிழ்நாட்டிலே கமலைக்குத் தோற்பறியும், உழவனுக்குச் செருப்பும், வண்டிக்குச் சாட்டைவாரும் செய்து கொடுத்தோர் அருந்ததிய மக்கள். பிரித்தானியர் ஆட்சியிலே அவர்களுட் பலர் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு, நகரசுத்தித் தொழிலில் இடப்பட்டனர். தோலறிந்த கைகளில் துடைப்பத்தைத் திணித்த ஆட்சியாளர் அவர்களது கலையைப் பறித்தனர். இழிவை மட்டும் நாம் பத்திரமாகப் பாதுகாத்துக் கொடுத்தோம். அதே வெள்ளவத்தைச் சபைகளில், மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் எருமைவாரும் கொண்டு இறுக்கிய மிருதங்கம் தெய்வீகமாக ஒலிக்கிறது. மிருதங்கம் செய்வோரின் வாழ்வைப் பற்றி ரி. எம். கிருஷ்ணா எழுதிய நூலின் வெளியீட்டுக்கு அளித்த அனுமதியை, சென்னைக் கலாக்ஷேத்திரா 2020ஆம் ஆண்டிலே திரும்பப் பெற்றுக்கொண்டது. நாதம் வேண்டும், தோல் வேண்டாம். தோல் வேண்டும், தோலைத் தொட்டவன் வேண்டாம். இதுதான் நம்மவர் போற்றும் பண்பாட்டின் தர்க்கம்!

“சாட்டை ஒடுக்குமுறையின் கருவியன்றோ? அது ஒழிந்ததற்கு முற்போக்காளர் ஏன் வருந்தவேண்டும்?” என்று நமது அணியிலிருந்தே சிலர் கேட்பர். கேள்வி நியாயமானதே, ஆயின் குற்றவாளியைத் தவறாக இனங்காண்கிறது. 1906ஆம் ஆண்டிலே மாநகரசபையின் விதியொன்றை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தவர்கள் கொழும்பு மாட்டுவண்டித் தொழிலாளர். அவர்கள் கையிலிருந்த சாட்டை வயிற்றுப்பாட்டுக்கான கருவி. அதே காலத்தில் சிறைச்சாலையிலே மனிதனின் முதுகில் விழுந்த கசையோ ஆட்சியின் கருவி. மிருகங்களை வதைப்பதைத் தடுக்கும் கட்டளைச்சட்டம் இந்நாட்டில் 1907இல் பிறந்தது. மனிதனைக் கசையால் அடிக்க இடமளித்த 1889ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டமோ 2005ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தினாலேதான் நீக்கப்பட்டது. மாட்டுக்குக் கிடைத்த இரக்கம் மனிதனை வந்தடைய 98 ஆண்டுகள் சென்றன! இந்த வெட்கக்கேட்டுக்கு வார் பின்னியவனா பொறுப்பாளி? சட்டம் இயற்றியவனும் அதைக் கட்டிக்காத்தவனும் அல்லவா?

சாட்டை அடிப்பதற்கென்றே பிறந்ததுமன்று. கண்டி எசலப் பெரஹரவிலும், 1979ஆம் ஆண்டு முதல் கொழும்பு கங்காராமை நடத்திவரும் நவம் பெரஹரவிலும் ஊர்வலத்தின் முன்னே செல்வோர் சாட்டை சுழற்றுவோர். அவர்கள் யாரையும் அடிப்பதில்லை. வெறுங்காற்றை ஒலிக்கச் செய்கிறார்கள். தமிழில் ‘கசை’, சிங்களத்தில் ‘கஸ’, சொல்லும் பொதுவானதே.

தோலைத் தொட்டவனுக்கு நேரும் கதி பழங்கதையென்று எண்ணிவிடவும் வேண்டாம். 2016ஆம் ஆண்டு யூலையிலே, குஜராத்தின் ஊனாவில், இறந்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்கள் வாகனத்திலே கட்டப்பட்டுப் பலர் காண அடிக்கப்பட்டனர். பிறப்பினால் அவர்கள்மேல் சுமத்தப்பட்ட தொழிலையே குற்றமாக்கி அடித்தார்கள். அம்மாநில மக்கள் தந்த விடை யாது? மாட்டின் சடலங்களை அரசாங்க அலுவலகத்தின் முன்னே கொட்டிவிட்டு, “இனி உரிக்கமாட்டோம்” என்றனர். அந்த மறுப்பு தோல்வினையை இகழ்ந்ததன்று. அதனோடு பிணைக்கப்பட்ட அடிமைத்தளையை அறுத்தது.

இங்கேதான் நாம் இருமுனைப் போர் தொடுக்கவேண்டியிருக்கிறது. ‘பாரம்பரியக் கலை அழிகிறதே’ என்று கண்ணீர் வடித்து, அருந்ததியன் மகன் மீண்டும் தோலையே அறுக்கவேண்டுமென விரும்பும் பண்பாட்டுக் காவலர் ஒருபுறம். அவர்களது கண்ணீர் சாதியைக் காக்கும் கண்ணீர். ‘இழிதொழில் ஒழிந்தது’ என்று மகிழ்ந்து, தொழிலின் அறிவையும் சேர்த்துப் புதைக்கும் நாகரிகர் மறுபுறம். தொழில் இழிவென்ற சாதியின் தீர்ப்பை இவர்களும் அறியாமலே ஏற்றுக்கொள்கின்றனர். எந்த மனிதனும் பிறப்பினால் தோலுக்குக் கட்டுப்பட்டவனல்லன்; எந்த மனிதனும் தோலைத் தொட்டதால் தாழ்ந்தவனுமல்லன். இவ்விரண்டையும் ஒருங்கே கூறாதவன் முற்போக்காளனாகான்.

ஆசிரியர்களே, மாணவர்களே! தோல்வினை தொழில்நுட்பக் கல்லூரியின் பாடமாகட்டும். எந்தச் சாதியாரின் பிள்ளையும், நல்ல கூலி பெறும் உரிமையோடு, அதைக் கற்கட்டும். எஞ்சியுள்ள முதியோரிடமிருந்து வாரின் பெயர்களையும் பின்னலின் முறைகளையும், அவர்கள் பட்ட அவமதிப்பையும் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள். நகரசுத்தித் தொழிலாளியின் பிள்ளை உங்கள் வகுப்பிலிருந்தால், அவனுடைய பாட்டனார் எத்தகைய கணக்கைக் கையால் போட்டார் என்பதை வகுப்பறியச் சொல்லுங்கள். மேசைமீது இன்னும் பிரம்பு கிடந்தால் அதை அகற்றிவிட்டுச் சொல்லுங்கள். அதன் பின்னர் நமது எழுத்தைச் சாட்டை என்று அழைத்துக்கொள்ளலாம்; அதுவரை அச்சொல்லை இரவல் வாங்கவும் நமக்கு உரிமையில்லை.