வல்லை வெளிக்கு என்ன ஜி.பி.எஸ்.?



வெளிநாட்டிலிருந்து ஆள் வருகிறது என்றால் போதும், யாழ்ப்பாணத்து வீடுகளில் சாமான் பட்டியல் ஒன்று தயாராகிவிடும். மானிப்பாய் வாசகர் ஒருவரின் கடிதமும் அப்படித்தான் வந்திருக்கிறது. “ரொறன்ரோவிலை இருந்து மருமகன் நல்லூர்த் திருவிழாவுக்கு வாறார். மவுண்டன் சைக்கிளிலை குடாநாட்டைச் சுற்றப் போறாராம். கையடக்க ஜி.பி.எஸ். ஒண்டு வாங்கப் போறன், எது நல்லம் மாமா எண்டு கேக்கிறார். எனக்கு உதுகள் விளங்காது. நீங்கள் சொல்லுங்கோ.” எங்கள் இளைய வாசகர்கள் சிலரும் இதையே கேட்டிருப்பதால் இந்த மாதப் பக்கம் மருமகனுக்கு.

முதலில் ஒன்று. எங்களிடம் மலை இல்லை. கீரிமலையின் பெயரை நம்பி யாரும் கியர் மாற்ற வேண்டாம். குடாநாட்டின் பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து பத்து மீட்டருக்குள் அடங்கிவிடும். ஆனாலும் மவுண்டன் சைக்கிளின் அகன்ற ரயருக்கு இங்கே வேலை உண்டு. மணற்காட்டு மணல், நெடுந்தீவின் கல்லுப் பாதை, மழைக்குப் பிறகு கிரவல் வீதிகளில் விழும் கிடங்கு எல்லாம் இருக்கின்றன. எங்கள் ஏற்றம் காற்று. சோளகம் வீசும் மாதங்களில் நெல்லியடியிலிருந்து வல்லை வெளியால் யாழ்ப்பாணம் நோக்கி மிதித்தவர்களுக்கு அது தெரியும். மறைக்க ஒரு மரம் கிடையாது, மிதிக்க மிதிக்கச் சைக்கிள் நின்ற இடத்திலேயே நிற்பது போல இருக்கும்.

காற்றை அளக்கும் ஜி.பி.எஸ். இல்லை. உயரத்தை அளப்பது உண்டு. கார்மின் நிறுவனத்தின் இ-ட்ரெக்ஸ் 22எக்ஸ், 32எக்ஸ் என்ற இரண்டும் 2019இல் வந்த கருவிகள். ஒரே உடம்பு, ஒரே திரை. 32எக்ஸில் காற்றழுத்தத்தைக் கொண்டு உயரம் சொல்லும் மானியும், நின்ற இடத்திலேயே திசை காட்டும் திசைகாட்டியும் கூடுதலாக உண்டு. அதற்கேற்ப விலையும் கூட. குடாநாட்டைச் சுற்ற அந்தக் கூடுதல் காசு வீண். மருமகன் அப்படியே மலைநாட்டுக்கும் போகிற ஆள் என்றால் கதை வேறு. கண்டியிலிருந்து நுவரெலியா வரை தேயிலைத் தோட்டங்களுக்குள்ளால் 22 பகுதிகளாக 300 கிலோமீட்டருக்கு மேல் போகிற பீக்கோ பாதையில் உயரமானி சும்மா கிடக்காது.

எங்களுக்கு வேண்டியவை மூன்று. நடுமத்தியான வெயிலில் வாசிக்கக்கூடிய திரை, கடைத்தெருவில் கிடைக்கும் பற்றறி, இணையம் இல்லாத இடத்திலும் திறக்கும் படம். முதல் இரண்டிலும் கையடக்கக் கருவி போனை வென்றுவிடும். வெயில் ஏற ஏறப் போன் திரை கறுக்கும். இ-ட்ரெக்ஸ் வகைத் திரை வெயிலையே வெளிச்சமாக எடுத்துக்கொண்டு தெளியும். இரண்டு பென் பற்றறி போட்டால் ஏறத்தாழ 25 மணித்தியாலம் ஓடும் என்கிறது நிறுவனம். தீர்ந்தால் பெட்டிக்கடையில் வேறு இரண்டு வாங்கிப் போடலாம். பற்றறியின் அருமையை எங்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. 1990களில் பற்றறியே தடைப்பொருளாக இருந்த ஊர் இது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதியைக் கையால் சுற்ற, டைனமோவில் பொருத்திய ரேடியோவில் மற்றவர்கள் செய்தி கேட்ட வீடுகள் எத்தனையோ.

ஒரு எச்சரிக்கை. இ-ட்ரெக்ஸ் எஸ்.ஈ. என்று 2023இல் ஒன்று வந்தது. பற்றறி 168 மணித்தியாலம் தாங்கும் என்ற விளம்பரத்தில் மயங்கி வாங்கிவிடுவீர்கள். அதன் கறுப்பு வெள்ளைத் திரையில் வீதிப் படம் ஏறாது. தடமும் புள்ளிகளும் மட்டும்தான் தெரியும். ஒழுங்கைகளுக்குள் அது உதவாது.

இவ்வளவும் சொன்ன பிறகு என் சொந்த அபிப்பிராயம்: இங்கேயே இருக்கும் வாசகர்களில் அரைவாசிப் பேருக்கு மேல் தனிக் கருவி தேவையே இல்லை. கையில் இருக்கும் போன் போதும். சிம் இல்லாவிட்டாலும், டேட்டா முடிந்துவிட்டாலும் போனின் ஜி.பி.எஸ். வேலை செய்யும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. செய்மதி தன் இருப்பிடத்தைத் தானே சொல்கிறது. தொலைபேசிக் கோபுரம் செய்வது, அந்தத் தகவலை முன்கூட்டியே தந்து நேரத்தை மிச்சப்படுத்துவது மட்டும்தான். எல்லாச் செய்மதிகளின் அட்டவணையையும் வானத்திலிருந்தே முழுதாக வாங்குவதானால் பன்னிரண்டரை நிமிடம் பிடிக்கும். ஆகவே, நெடுந்தீவில் இறங்கியவுடன் புள்ளி வரவில்லையே என்று போனைத் திட்டாமல், வெட்டவெளியில் சற்று நேரம் வைத்துவிட்டு ஒரு தேத்தண்ணி குடியுங்கள். ஓஸ்மாண்ட், ஓர்கானிக் மேப்ஸ் ஆகிய இரண்டு செயலிகளில் ஒன்றைப் போட்டு, வைஃபை உள்ள இடத்தில் இலங்கைப் படத்தை ஒருமுறை இறக்கிவிட்டால் காரியம் முடிந்தது. குறிகட்டுவானில் படகு ஏறுமுன் செய்யவேண்டிய வேலை அது. ஏறிய பிறகு அல்ல.

இந்தச் செயலிகளும் சரி, கார்மினில் இலவசமாக ஏற்றக்கூடிய படங்களும் சரி, ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன: 2004இல் இங்கிலாந்தில் தொடங்கிய ஓபன் ஸ்ட்ரீட் மேப். ஆர்வமுள்ளவர்கள் தாங்களே வரைந்து சேர்க்கும் உலகப்படம் அது. எந்தக் கருவி வாங்கினாலும் கடைசியில் நீங்கள் பார்க்கப்போவது யாரோ ஒருவர் வரைந்த கோடுகளைத்தான். கருவிக்குச் செலவழிக்க யோசிக்கும் நேரத்தில் கால்வாசியையாவது படத்துக்குக் கொடுங்கள் என்பதுதான் மருமகனுக்கும் எங்கள் பொடியளுக்கும் நான் சொல்ல விரும்புவது.

காரணம் எங்கள் ஒழுங்கைகள். கிளுவை வேலிக்கும் மதிலுக்கும் இடையில் ஒரு முடக்கு, அடுத்த கிணற்றடியில் இன்னொரு முடக்கு, பிறகு வைரவர் கோயிலடியில் இரண்டாகப் பிரிந்து, ஒன்று தோட்டவெளிக்கும் மற்றது யாரோ ஒருவர் வீட்டுப் படலைக்கும் போய் நிற்கும். வானத்திலிருந்து எடுத்த படத்தில் மாமரமும் பனையும் அதை மூடிவிடும். நேரில் போனவர் வரைந்தால்தான் உண்டு. அதற்குக் கருவி இடத்தைச் சரியாகச் சொல்ல வேண்டும். 2000ஆம் ஆண்டு மே மாதம் வரை அமெரிக்கா, பொதுமக்களின் ஜி.பி.எஸ். சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை கலந்து வைத்திருந்தது. நூறு மீட்டர் வரை தவறும். அந்தக் கணக்கில் உரும்பிராயில் நீங்கள் நிற்கும் ஒழுங்கை எது என்று கருவி சொல்லவே முடியாது. இப்போது திறந்த வானத்தின் கீழ் ஐந்து மீட்டருக்குள் வருகிறது. எந்த ஒழுங்கை என்பது பெரும்பாலும் சரியாக இருக்கும்.

ஆனால் தடம் பதியும்போது அமைப்பைக் கவனியுங்கள். பற்றறியை மிச்சம் பிடிக்கவென்று நிமிடத்துக்கு ஒரு புள்ளி என்று வைத்தால், மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு புள்ளிகளுக்கிடையில் 250 மீட்டர் போய்விடும். அதற்குள் நாலு முடக்கு திரும்பியிருப்பீர்கள். படத்திலோ ஒரே நேர்கோடு, தோட்டத்தையும் கிணற்றையும் ஊடறுத்துப் போகும். செக்கனுக்கு ஒரு புள்ளி என்று வையுங்கள். பதிந்த ஜி.பி.எக்ஸ். கோப்பைக் கணினியில் விரித்து, அதன்மேல் ஒழுங்கையை வரைந்து, தாரா கிரவலா மண்ணா என்று குறித்தால் உங்கள் பங்கு முடிந்தது. வீட்டுப் படலைக்குப் போவதைத் தனியார் வழி என்று குறித்துவிடுங்கள். செயலி அடுத்த ஆளை அதற்குள் அனுப்பாது. கூகுள் படத்தைப் பார்த்துக் கொப்பியடிப்பது மட்டும் கூடாது. அது உரிமைச் சட்டப் பிரச்சினை.

தரவைகள் இன்னொரு சிக்கல். ஆவணியில் வெடித்துக் காய்ந்து கிடக்கும் தரவையில் தெருவில் ஓடுவதைவிடச் சுகமாக ஓடலாம். அதே தடத்தை நம்பி மார்கழியில் இறங்கினால் முழங்காலளவு தண்ணீர். ஆகவே தடத்தோடு மாதத்தையும் எழுதி வையுங்கள். படத்தில் ‘பருவகாலப் பாதை’ என்று குறிக்கவும் இடம் உண்டு.

வலிகாமம் வடக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1990இல் சனம் வெளியேறிய பிறகு பல ஒழுங்கைகள் பற்றைக்குள் போய்விட்டன. போர் முடிந்தபின் கட்டம் கட்டமாகக் காணிகள் விடுபட்டபோது, சொந்த ஒழுங்கையைக் கிணற்றையும் கோயிலையும் வைத்துத்தான் பலர் அடையாளம் கண்டார்கள். படத்தில் வீதி இருக்கும். நேரில் முள்ளுக்கம்பி இருக்கும். சில இடங்களில் மறுவளமாக, வீதி திறந்திருக்கும், படம் இன்னும் மூடியிருக்கும். பழைய நில அளவைத் திணைக்களப் படத்தை ஸ்கான் செய்து ஏற்றிப் பார்க்கலாம் என்று நினைப்பவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. அவை கந்தவளை என்ற பழைய அடிப்படையில் வரையப்பட்டவை, ஜி.பி.எஸ். வேறு அடிப்படையில் இயங்குவது. மாற்றாமல் ஏற்றினால் ஓரிரு நூறு மீட்டர் தள்ளிக் காட்டும். அராலிப் பக்கம் அது உங்களைக் கடலுக்குள்ளேயே நிறுத்திவிடும். முகமாலைப் பக்கம் போகிறவர்கள் கருவியையோ படத்தையோ நம்பிப் பற்றைக்குள் இறங்கவே வேண்டாம். கண்ணிவெடிப் பலகை எந்தச் செயலியிலும் வராது.

மருமகனுக்கு ஒரு விஷயம், இதை மறக்காமல் சொல்லிவிடுங்கள். கார்மினில் இன்-ரீச் என்று ஒரு வகை உண்டு. செய்மதி வழியாகச் செய்தியும் அனுப்பும். சென்னை வழியாகப் பலாலிக்கு வருவதாக இருந்தால் அதைக் கொண்டுவர வேண்டாம். அனுமதி இல்லாமல் செய்மதித் தொடர்புக் கருவி வைத்திருப்பது இந்தியாவில் குற்றம். 2024 டிசம்பரில் கோவா விமான நிலையத்தில் கனடா நாட்டு ஓட்டப் பயிற்சியாளர் ஒருவரை இதற்காகவே பிடித்து வைத்தார்கள். செய்மதியிலிருந்து சமிக்ஞையை வாங்க மட்டும் தெரிந்த சாதாரண இ-ட்ரெக்ஸ் அந்த வகையில் சேராது.

அடுத்த இதழிலிருந்து வாசகர்களின் சைக்கிள் தடங்களுக்கு இரண்டு பக்கம் ஒதுக்குகிறோம். ஜி.பி.எக்ஸ். கோப்போடு எந்த மாதம், எந்த ரயர், தண்ணீர் எங்கே கிடைத்தது என்று நாலு வரி எழுதுங்கள். 2017இல் ஸ்ட்ராவா செயலி வெளியிட்ட உலகத் தடப்படத்தில் பல நாட்டு இராணுவ முகாம்களின் உள் பாதைகளே வெளிச்சமாகிவிட்டன; எங்கள் ஊரில் அந்த வேலை வேண்டாம், முகாம் ஓரத்துத் தடங்களை நாங்கள் போடமாட்டோம். அனுப்புமுன் கோப்பின் முதல் முந்நூறு மீட்டரையும் கடைசி முந்நூறு மீட்டரையும் வெட்டிவிடுங்கள். நீங்கள் எந்த வீட்டுப் படலையைத் திறந்து புறப்பட்டீர்கள் என்பது எங்களுக்குத் தேவையில்லை.

அன்புடன்,
ஆசிரியர்