மனத்துக்கும் ஒரு வெப்பமானி

உங்கள் உடம்பு சுட்டால் அம்மா என்ன செய்கிறார்? நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறார். வெப்பமானி 100 டிகிரிக்கு மேல் காட்டினால் டாக்டரிடம் அழைத்துச் செல்கிறார். "மன உறுதி இல்லாததால்தான் உனக்குக் காய்ச்சல் வந்தது" என்று எந்தத் தாயும் திட்டுவதில்லை. ஆனால் கல்லூரியில் படிக்கும் அண்ணனோ வேலை தேடும் அக்காவோ வாரக்கணக்கில் சரியாக உண்ணாமல், உறங்காமல், யாரோடும் பேசாமல் முடங்கிக் கிடந்தால், "சோம்பேறித்தனம்" என்கிறோம். இது நியாயமா?

2020-ல் கோவிட் பெருந்தொற்று உலகெங்கும் பரவியது. அந்த ஆண்டு மார்ச் 25 முதல் நம் நாட்டில் ஊரடங்கு. பள்ளிகளும் கல்லூரிகளும் மூடப்பட்டன, விடுதிகள் காலியாயின, புதிதாக வேலைக்குச் சேர்ந்த பலர் வேலை இழந்தனர், சிலர் பெற்றோரையே இழந்தனர். நண்பர்களோடு கூடித் திரிய வேண்டிய வயதில் நான்கு சுவர்களுக்குள் இருந்தவர்களே இன்றைய இளைஞர்கள். பெருந்தொற்றின் முதல் ஆண்டில் மனச்சோர்வும் பதற்ற நோயும் உலக அளவில் 25 சதவீதம் பெருகியதாக உலக சுகாதார நிறுவனம் 2022-ல் தெரிவித்தது. இளைஞர்களும் பெண்களுமே அதிகம் பாதிக்கப்பட்டனர். 2023 மே 5 அன்று அந்நிறுவனம் கோவிட் அவசர நிலை முடிந்ததாக அறிவித்தது. ஆனால் மனத்தில் பட்ட காயம் அறிவிப்பைக் கேட்டு ஆறிவிடுமா?

வருத்தம் வேறு, மனச்சோர்வு நோய் வேறு. மதிப்பெண் குறைந்தால் வருந்துகிறோம். சில நாட்களில் தேறிவிடுகிறோம். நோய் அப்படி விலகுவதில்லை. இதை அறிய மருத்துவர்கள் ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலைப் பயன்படுத்துகிறார்கள். கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் நாட்டமில்லையா, உறக்கம் கெட்டதா, பசி மாறியதா, கவனம் சிதறுகிறதா, வாழ்வதே வீண் என்று தோன்றுகிறதா என்றெல்லாம் அது கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 27-ல் 10-ஐ எட்டினால் மருத்துவர் மேலும் ஆராய்வார்.

இதுவும் ஒரு வெப்பமானிதான். வெப்பமானி காய்ச்சலைக் காட்டும். அது மலேரியாவா டைபாய்டா என்று சொல்லாது. தைராய்டு சுரப்பு குறைந்தாலும் சோர்வு வரும். ஆகவே நாமே மதிப்பெண் போட்டு முடிவு கட்டிவிடக் கூடாது. நோய் என்று தெரிந்தால் மனநல ஆலோசனையும் தேவைப்பட்டால் மருந்தும் குணம் தரும்.

காலராவையும் மலேரியாவையும் பாடமாகப் படிக்கிறோம். மனச்சோர்வின் அறிகுறிகளையும் பள்ளியிலேயே கற்பிக்க வேண்டும் என்பது என் கருத்து. அறிந்தவன் ஏளனம் செய்யமாட்டான்.

அதுவரை உங்களால் முடிந்தது ஒன்று உண்டு. முடங்கிக் கிடக்கும் அண்ணன் அருகில் போய் உட்காருங்கள். "சரியாகத் தூங்கினாயா?" என்று கேளுங்கள். புத்திமதி வேண்டாம், சொல்வதைக் கேட்டாலே போதும். வாழ்வதே வீண் என்று அவர் சொன்னால் ரகசியமாக வைத்துக்கொள்ளாமல் உடனே பெரியவர்களிடம் கூறுங்கள். 2022-ல் அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையின் 14416 எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். அந்த எண்ணை உங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.