கரியாலூரில் பார்க்க என்ன இருக்கிறது?

விடுமுறை நெருங்கும்போது நடுத்தரக் குடும்பங்களில் இரண்டு கணக்குகள் போடப்படுகின்றன. ஒன்று பணக்கணக்கு, மற்றது நாள்கணக்கு. குறைந்த செலவில் குடும்பத்தோடு வரலாற்றுச் சின்னங்களைப் பார்த்துவருவது எப்படி என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இவ்விரண்டோடு நின்றுவிடுகிறார்கள். மூன்றாவது கணக்கு ஒன்றும் இருக்கிறது. எந்த ஊரை வரலாறு என்ற பத்தியில் எழுதுகிறோம், எந்த ஊரை இயற்கை என்ற பத்தியில் எழுதுகிறோம் என்பது அது. இந்தக் கணக்கில் நாம் தொடர்ந்து தவறிழைத்து வருகிறோம் என்பதும், அதற்குக் கல்வராயன் மலையும் கரியாலூரும் நல்ல சான்று என்பதும் என் எண்ணம்.

முதலில் பணக்கணக்கைப் பார்த்துவிடலாம். செஞ்சிக் கோட்டைக்கு நுழைவுச் சீட்டு உண்டு. 2025இல் மராத்தியர் படைத்தள நிலக்காட்சிகளில் ஒன்றாக யுனெஸ்கோ பட்டியலிலும் அது இடம்பிடித்துவிட்டது. அங்கிருந்து தெற்கே இறங்கித் திருக்கோவலூர், ஜம்பை, தியாகதுருகம், கள்ளக்குறிச்சி என்று வந்தால் எங்கும் சீட்டுக் கிழிப்பவரைக் காண முடியாது. விடியலில் கிளம்பி, தூக்குவாளியில் புளிசாதமும் தயிர்சாதமும் கொண்டுபோகிற குடும்பத்துக்கு எரிபொருளும் ஓர் இரவு அறை வாடகையும்தான் செலவு. கார் இல்லாதவர்கள் பேருந்திலேயே போகலாம், நாள் ஒன்று கூடும், அவ்வளவே. நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான். உச்சிப் பொழுதில் கோவில் நடை சாத்தி மாலையில்தான் திறப்பார்கள். ஆகவே கோவில்களைக் காலையிலும் மாலையிலும் வைத்துக்கொண்டு, இடைப்பொழுதை ஊர்விட்டு ஊர் போவதற்கு ஒதுக்கிவிட வேண்டும்.

இந்தச் சிறு செலவுக்குக் கிடைப்பது சிறிதன்று. தென்பெண்ணையின் தென்கரையில் இருக்கும் திருக்கோவலூர், மலையமான் திருமுடிக்காரியின் ஊர். முதலாழ்வார் மூவரும் ஓர் இடைகழியில் நெருக்கி நின்றதாகச் சொல்லப்படும் கதைக்குரிய உலகளந்த பெருமாள் கோவில் ஊருக்குள் இருக்கிறது. அட்ட வீரட்டானங்களுள் ஒன்றான வீரட்டானேசுவரர் கோவில் கீழையூரில் இருக்கிறது. அதனருகே, ஆற்றுப்படுகையில் தனித்து நிற்கும் பாறைக்குக் கபிலக்கல் என்று பெயர். பாரி மகளிரை மலையமான் குடியில் ஒப்படைத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்த செய்தியை முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு ஒன்று அக்கோவிலில் பதிந்து வைத்திருக்கிறது. கபிலர் வாழ்ந்து பல நூற்றாண்டுகள் கழித்து, ஒரு கோவில் சுவர் அவரை நினைவில் வைத்திருந்தது என்பதே வியப்புக்குரியது.

மேற்கே சிறிது தொலைவில் ஜம்பை. அங்கே தாசிமடம் என்னும் குன்றின் குகையில் ஒரேயொரு வரி. சதியபுதோ என்ற பட்டத்தோடு அதியமான் நெடுமான் அஞ்சி அமைத்துக் கொடுத்த பள்ளி இது என்று தமிழ் பிராமி எழுத்தில் சொல்லும் வரி. 1981இல் அது கண்டறியப்பட்டபோது, அசோகரின் கல்வெட்டுகளில் சோழர், பாண்டியரோடு குறிப்பிடப்படும் சதியபுத்திரர் யார் என்ற நெடுநாள் வினாவுக்கு விடை கிடைத்தது. அதியமான் கோவலூரை வென்றான் என்ற புறநானூற்றுச் செய்திக்கும் அது பக்கபலமாயிற்று.

அங்கிருந்து தெற்கே, உளுந்தூர்ப்பேட்டை - சேலம் நெடுஞ்சாலையில் தியாகதுருகம். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மாறிமாறி மோதிக்கொண்ட மலைக்கோட்டை. 1761 சனவரியில் புதுச்சேரி வீழ்ந்த பிறகு இக்கோட்டையும் ஆங்கிலேயர் வசமாயிற்று. அதே சாலையில் சேலம் நோக்கிப் போய், தலைவாசல் அருகே பிரிந்தால் தியாகனூரில் புத்தர் சிலைகள், ஆறகழூரில் வாணகோவரையர்களின் தலைநகர். இவ்வளவும் பார்த்த குடும்பம் மனநிறைவோடு கள்ளக்குறிச்சிக்குத் திரும்பி, மறுநாள் கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாக மலையேறுகிறது.

இந்த இடத்தில்தான் பயணக் குறிப்பேட்டில் ஒரு கோடு விழுகிறது. வரலாறு முடிந்தது, இனி இயற்கை. வெள்ளிமலை, கரியாலூர், மேகம் அருவி, பெரியார் அருவி. கரியாலூரில் படகுத்துறை உண்டு, பூங்கா உண்டு. பிள்ளைகள் குளிக்கிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள், தேனும் கடுக்காயும் வாங்கிக்கொண்டு இறங்குகிறார்கள். இதில் குற்றமொன்றும் இல்லை. ஆனால் அந்தக் கோட்டை யார் போட்டது என்று கேட்டுப் பார்க்கலாம்.

கல்வராயன் மலை நெடுங்காலம் மூன்று ஜாகிர்களாகப் பிரிந்து கிடந்தது. சடைய கவுண்டன், குறும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் என்பவை அவற்றின் பெயர்கள். கிருஷ்ணதேவராயர் வழங்கியது என்று அவற்றின் தோற்றத்துக்குக் கதை சொல்வார்கள். மலையாளிப் பழங்குடியினர் அந்த நிலத்தில் உழுதார்கள், வரி கொடுத்தார்கள், கூலியின்றியும் உழைத்தார்கள். சமவெளியில் ஜமீன்களை ஒழிக்கும் சட்டம் 1948இல் வந்தது. மலையின் ஜாகிர்களை அரசு எடுத்துக்கொண்டதோ 1976இல். நாடு விடுதலை பெற்று 29 ஆண்டுகள் கழிந்திருந்தன. அதாவது, கரியாலூர்ப் பக்கம் இன்று நம் பிள்ளைகளுக்கு வழிகாட்டும் ஒரு முதியவர், தம் இளமையில் ஜாகிரின் குடியாக இருந்தவராக இருக்கலாம். நெருக்கடிநிலைக் காலத்தில், வேறு பல செய்திகளுக்கு நடுவே, ஓர் ஆட்சி இங்கே முடிந்திருக்கிறது. இதைவிட அண்மையான வரலாற்றுச் சின்னம் எந்தப் பயணத்தில் கிடைக்கும்?

பிள்ளைகளுக்குக் கண்ணால் பார்க்க ஏதேனும் வேண்டாமா, அங்கே காட்டுவதற்குக் கோட்டையோ கோபுரமோ இல்லையே என்று நண்பர்கள் மறுக்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஜம்பையில் மட்டும் என்ன இருக்கிறது? பழக்கமில்லாத கண்ணுக்கு அந்த வரி பாறையில் விழுந்த கீறல். கபிலக்கல் ஆற்றுக்குள் ஒரு பாறை, மேலே ஒரு சிறு கோவில். அவற்றை நாம் பார்ப்பதில்லை, படித்ததை அங்கே போய் நினைத்துக்கொள்கிறோம். கல்லுக்குப் பொருள் தருவது சொல். மலையில் வரலாறு இல்லாமல் இல்லை; நாம் அதைச் சொல்லவில்லை என்பதே குறை.

இதில் ஒரு முரணும் இருக்கிறது. சங்க இலக்கியத்தில் நாம் கொண்டாடும் தலைவர்களில் பலர் மலைக்குரியவர்கள். காரிக்கு முள்ளூர் மலை, ஓரிக்குக் கொல்லி, பாரிக்குப் பறம்பு. குறிஞ்சித்திணை என்றாலே நம் குரல் குழைகிறது. ஆனால் இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய மலைவாணரிடம் காட்டும் உருக்கத்தை இன்றைய மலைவாணரிடம் காட்டுவதில்லை. அவர்கள் நமக்கு அருவிக்குப் பின்னணி.

இது வெறும் சுற்றுலா ரசனை பற்றிய பூசல் அன்று. 2024 சூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது கல்வராயன் மலையின் பெயர் செய்திகளில் ஓயாமல் அடிபட்டது, சாராயம் காய்ச்சும் மலை என்ற ஒற்றை அடையாளத்தோடு. அம்மக்களின் வாழ்நிலை குறித்துச் சென்னை உயர்நீதிமன்றம் அவ்வாண்டு தானாக முன்வந்து வழக்கு எடுத்துக்கொண்ட பின்னரே சாலை, மருத்துவம், பள்ளி என்ற சொற்கள் அந்தப் பெயரோடு சேர்ந்து அச்சாயின. ஒரு மக்கள் கூட்டத்துக்கு வரலாறு இல்லை என்று நாம் முடிவுகட்டிவிட்டால், அவர்களைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் நம்புவதற்குத் தயாராகிவிடுகிறோம். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அவர்களுக்கு ஏன் தேவைப்பட்டது என்பதும் நமக்கு விளங்காமலே போகும்.

அப்படியானால் மலைக்குப் போகும் குடும்பம் என்ன செய்வது? குடிசைகளுக்குள் எட்டிப் பார்ப்பதோ, மனிதர்களைக் காட்சிப்பொருளாக்கிப் படம் எடுப்பதோ அல்ல. அது அருவியை மட்டும் பார்த்துத் திரும்புவதைவிட மோசம். சிக்கனம் இங்கே தானாகவே நல்ல வழியாகிறது. பணமுள்ளவர் விடுதி வேலிக்குள் தங்கி இறங்கிவிடுகிறார். பணமில்லாதவர் பேருந்தில் உட்கார்ந்து போகிறார், ஊர்க்கடையில் தேநீர் குடிக்கிறார், வழி கேட்கிறார். கேட்கிறவருக்குப் பதில் கிடைக்கும். கோமுகி அணையிலிருந்து வண்டி வளைந்து ஏறும் நேரத்தில் பெற்றோர் 1976 என்ற ஆண்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடலாம். அதற்குப் பைசா செலவில்லை.

அரசு செய்யக்கூடியதும் எளியதே. கோடை விழாவுக்கு மேடை போடும் செலவில் ஒரு சிறு பகுதி போதும். மூன்று ஜாகிர்கள் எவை, அவை எப்போது, எப்படி முடிந்தன என்று மலையடிவாரத்தில் ஒரு பலகை வைக்கலாம். வாசகத்தை மலைமக்களைக் கேட்டே எழுத வேண்டும். பலகை வரும்வரை அந்த வேலை நம்முடையது. கரியாலூரில் பார்க்க என்ன இருக்கிறது என்று அடுத்த முறை யாரேனும் கேட்டால், அருவிக்கு முன்னால் இதைச் சொல்லுங்கள்.