பழைய ரம்பத்திற்குப் பணம் எங்கே போக வேண்டும்?

தளவாடப் பட்டறைகள் மூடப்படும்போதும் இடம் மாறும்போதும் பழைய மேசை ரம்பங்கள் சில வேளைகளில் இரும்பு விலைக்கே கிடைத்துவிடுகின்றன. மூவார் வட்டாரத்து நண்பர்கள் விசாரித்துப் பார்க்கலாம். கலை இரவு மேடைக்காக ஆண்டுதோறும் பலகைகளைக் கூலி கொடுத்து அறுத்து வாங்கும் நம் போன்ற கழகங்களுக்கு இது நல்ல வாய்ப்புதான். ஆனால், குறைந்த செலவில் புதுப்பிக்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் பலர் முதலில் வாங்குவது என்ன தெரியுமா? சாய டப்பா! இதுதான் எனக்கு உடன்பாடில்லை.

துருவைக் கண்டு அஞ்ச வேண்டாம். மேற்பரப்பு வார்ப்பிரும்பாக இருந்து, அதில் விரிசல் இல்லையென்றால் மண்ணெண்ணெயும் உப்புத்தாளும் பொறுமையும் போதும். நம் ஈரக்காற்றில் துரு மறுபடி வராமலிருக்க மெழுகு தேய்க்க வேண்டும். சிலிக்கோன் கலந்த கார் மெழுகு மட்டும் ஆகாது. அது பலகையில் ஒட்டிக்கொண்டால் பின்னர் வார்னிஷ் சரியாகப் பிடிக்காது.

வட்டைக் கையால் சுழற்றும்போது கரகரவென்று சத்தம் கேட்டால் பேரிங் தேய்ந்திருக்கிறது. தயாரித்த நிறுவனம் எப்போதோ மறைந்துபோயிருந்தாலும் கவலையில்லை. பேரிங்கில் 6203 என்று பொறித்திருந்தால், உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, தடிப்பு 12 மில்லிமீட்டர். உலகெங்கும் அதே அளவுதான். எந்தப் பேரிங் கடையிலும் எண்ணைச் சொல்லி வாங்கலாம். ரம்ப வட்டு மேசையின் பள்ளத்திற்கு இணையாக நிற்கிறதா என்று பார்ப்பதற்கோ காசே வேண்டாம். ஒரே பல்லை முன்னாலும் பின்னாலும் கொண்டுவந்து, பள்ளத்திலிருந்து அதன் தூரத்தை அளந்தால் தெரிந்துவிடும்.

இப்படி மிச்சமாகும் வெள்ளி எங்கே போக வேண்டும்? வட்டுக்குப் பின்னால் நிற்கும் பிளவுத் தகட்டிற்கும், வட்டை மூடும் காப்புக்கும், நல்ல சுவிட்சுக்கும்தான். நிமிடத்திற்கு 4000 சுற்று சுழலும் 10 அங்குல வட்டின் பல், மணிக்கு 190 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது! அறுபட்ட பலகை நெளிந்து வட்டின் பின்பக்கப் பற்களில் சிக்கினால், தள்ளுகிறவரின் வயிற்றை நோக்கியே சீறி வரும். கையையும் வட்டுக்குள் இழுத்துவிடலாம். அதைத் தடுப்பது அந்தச் சிறு தகடு. பழைய இயந்திரங்கள் பலவற்றில் அது இருக்காது. இருந்தும் கழற்றி எறிந்திருப்பார்கள். சுவிட்சும், மின்சாரம் நின்று திரும்பும்போது தானாக ஓடத் தொடங்காத வகையாக இருக்க வேண்டும்.

தகடு பொருத்தவே வழியில்லாத ரம்பம் இலவசமாகக் கிடைத்தாலும், முதலாமாண்டு மாணவர்கள் கைவைக்கும் அறைக்குள் அது வரக்கூடாது என்பேன். கழகத் தலைவர் எவ்வளவு வற்புறுத்தினாலும் சரி. சாயமா? பணம் மிஞ்சினால் பூசிக்கொள்ளுங்கள். பச்சை என்றால் எனக்கும் பிடிக்கும்.