பறை நம்முடையது, பணம் யாருக்கு?

ஸ்ரீமுஷ்ணம் கடைத்தெருவில் ஒரு டீக்கடை. காலை நேரம். விருத்தாசலம் பஸ்ஸுக்காகக் காத்து நிற்கும் பீங்கான் தொழிலாளிகள் ஒரு பக்கம். கரும்பு வெட்டுக்குப் புறப்பட்ட ஆட்கள் இன்னொரு பக்கம். ஓர் இளைஞன் கைபேசியில் பாட்டு வைக்கிறான். கிதார் அலறுகிறது. டிரம் அதிர்கிறது. நடுவே தப்புச் சத்தம் கேட்கிறது.

"ஏண்டா தம்பி, காலங்காத்தாலே காது கிழியுது. வெள்ளைக்காரன் கூத்தெல்லாம் நமக்கு எதுக்கு?" என்கிறார், பல வருஷங்களாகச் சங்கத்தில் இருக்கும் பெரியவர் ஒருவர்.

"வெள்ளைக்காரன் பாட்டு இல்லே பெரியப்பா. நம்ம ஆளுங்க பாட்டு. வார்த்தையைக் கேளுங்க. அடிக்கிறது நம்ம தப்பு" என்கிறான் இளைஞன்.

இந்த வழக்கு ஒரு டீக்கடையோடு நிற்கவில்லை. நம் சங்கக் கூட்டங்களிலும் நடக்கிறது. நம் இளைஞர்கள் கேட்கும் இந்தப் புதிய இசைத்தொகுப்புகளை நாம் எப்படி மதிப்பது? அன்னிய நாகரிகம் என்று தள்ளுவதா? "இளைஞர்கள் விரும்புகிறார்கள்" என்று வாயை மூடிக்கொண்டு ஏற்பதா? இரண்டும் சரியல்ல என்பது நம் கருத்து. காரணங்களைச் சொல்கிறோம்.

கருவிக்கு ஜாதியும் இல்லை, தேசமும் இல்லை

கிதார் அன்னியக் கருவி என்பவர்களைக் கேட்கிறோம்: நம் தெருக்கூத்திலும் நாடக மேடையிலும் வாசிக்கப்பட்ட ஆர்மோனியம் எங்கே பிறந்தது? 1842இல் பிரான்ஸ் நாட்டில் அதற்குக் காப்புரிமை வாங்கினார்கள். சபாக்களில் பக்கவாத்தியமாக இருக்கும் பிடிலும் ஐரோப்பாவிலிருந்து வந்ததுதான். அவற்றையெல்லாம் யாரும் அன்னியம் என்று விரட்டவில்லை. ஒரு கருவி யார் கையில் இருக்கிறது, யாருக்காகப் பேசுகிறது என்பதே கேள்வி.

'ராக்' என்று சொல்லப்படும் இந்த இசை பிறந்த இடம் எது? மாளிகைகளில் அது பிறக்கவில்லை. அமெரிக்காவில் பருத்திக் காட்டில் உழைத்த கறுப்பு மக்களின் பாட்டிலிருந்து பிறந்தது. அதன் முன்னோடிகளில் ஒருவர் ரோசெட்டா தார்ப் என்ற பெண்மணி. 1915இல் அர்க்கன்சா மாகாணத்தில் பருத்தி எடுக்கும் கூலிக் குடும்பத்தில் பிறந்தார். அவருடைய ஊரின் பெயரே 'பருத்திச் செடி' என்று பொருள்படும். மின்சாரக் கிதாரைக் கையிலெடுத்து மேடை ஏறிய அந்தப் பெண்ணிடமிருந்து கற்றுக்கொண்டவர்கள் பலர் பின்னால் கோடீஸ்வரர்களானார்கள். அவரோ 1973இல் இறந்தபோது சமாதியில் ஒரு பெயர்க்கல் கூட இல்லை. கல் நாட்ட முப்பது வருஷங்களுக்கு மேல் ஆயிற்று.

இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் தொழில் நகரத்தை எடுத்துக்கொள்வோம். டோனி அயோமி என்ற 17 வயதுப் பையன் 1965இல் தகட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தான். வேலையை விட்டு நிற்க வேண்டிய கடைசி நாளன்று எந்திரத்தில் கை சிக்கி, வலது கையின் இரண்டு விரல் நுனிகள் துண்டாகிவிட்டன. அவன் இடக்கைப் பழக்கக்காரன். கிதாரின் தந்தியை அழுத்தும் விரல்களே போய்விட்டன. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டான். வலி பொறுக்கத் தந்திகளைத் தளர்த்திக் கட்டினான். அதிலிருந்து கனமான, இருண்ட ஓசை ஒன்று பிறந்தது. 'பிளாக் சபாத்' என்ற அந்தக் குழுவின் முதல் இசைத்தொகுப்பு 1970 பிப்ரவரியில் வெளிவந்தது. அதில் பாடியவர் கசாப்புக் கூடத்தில் வேலை பார்த்தவர். எந்திரம் கையைத் தின்ற கதை நம் ஆலைத் தொழிலாளிக்குப் புதிதா? அந்த ஓசையில் ஆலையின் சத்தம் கேட்பதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

நம் மண்ணில் நடந்தது

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2018 ஜனவரி 6ஆம் தேதி சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 19 கலைஞர்கள் ஒரு மேடையில் ஏறினார்கள். 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்பது குழுவின் பெயர். ஜாதியற்றவர்களின் கூட்டு என்று பொருள். அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) பேசிய 'ஜாதி பேதமற்ற தமிழர்' என்ற கருத்திலிருந்து எடுத்த பெயர் அது. திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு.

அந்த மேடையில் கிதாரும் டிரம்மும் இருந்தன. அவற்றுக்குச் சமமாகப் பறையும், வடசென்னைச் சாவு வீடுகளில் ஒலிக்கும் சட்டியும், கட்ட மோளமும் இருந்தன. கானா பாடகர்கள் பாடினார்கள். கானா ஆண்களின் பாட்டு என்றிருந்த வழக்கத்தை உடைத்து, இசைவாணி என்ற இளம்பெண் பாடினார். 2020இல் பி.பி.சி. வெளியிட்ட உலகின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இடம்பெற்றது.

அதே 2018இல் இவர்களுடைய முதல் தொகுப்பு 'மகிழ்ச்சி' வந்தது. 2019இல் அக்குழுவின் அறிவு, ஆஃப்ரோ என்ற இசைக்கலைஞருடன் சேர்ந்து 'தெருக்குரல்' தொகுப்பை வெளியிட்டார். 2024இல் அறிவின் 'வள்ளியம்மா பேராண்டி' வந்தது. இவற்றில் என்ன பாடினார்கள்? இட ஒதுக்கீடு ஏன் வேண்டும் என்று பாடினார்கள். சாக்கடையில் இறங்கிச் சாகும் மனிதனைப் பற்றிப் பாடினார்கள். ஜாதி மாறிக் காதலித்ததற்காகக் கொல்லுவதைப் பற்றிப் பாடினார்கள். எதைத் தின்பது என்று கட்டளையிட நீ யார் என்று கேட்டார்கள். சினிமாப் பாட்டில் இடம் கிடைக்காத விஷயங்கள் இவை.

இது நல்லது என்று சொல்ல நாம் தயங்க வேண்டியதில்லை. 1968 டிசம்பரில் கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் குடிசைக்குள் வெந்தபோது, அந்த நெருப்பைப் பாட்டாக்கினார் கவிஞர் இன்குலாப். ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் பாடினார் கே. ஏ. குணசேகரன். அந்த வரிசையில் வருகிற பிள்ளைகளே இவர்கள்.

குறையும் உண்டு

புகழ்ந்துவிட்டுப் போவது நம் வேலையல்ல. குறையையும் சொல்ல வேண்டும்.

முதலாவது, பல பாட்டுகளில் கருவிகளின் இரைச்சலில் சொல் அமுங்கிவிடுகிறது. களை எடுத்துக்கொண்டே ஒரு பெண் பாட வேண்டுமானால், மின்சாரம் இல்லாமலும் பாட்டு நிற்க வேண்டும். நடவுப் பாட்டு அப்படி நின்றது.

இரண்டாவது, ஜாதிக் கொடுமையைப் பற்றி வீரமாகப் பாடுகிறார்கள். அந்தக் கொடுமையோடு பிணைந்த கூலியையும் நிலத்தையும் பற்றிய பாட்டு அந்த அளவுக்கு வரவில்லை. சூளையின் முன் நிற்பவனுக்கு நாள் முழுவதும் என்ன கிடைக்கிறது? முந்திரி உடைக்கும் பெண்ணின் விரலில் பால் பட்டுத் தோல் உரிவது யார் பாட்டில் வருகிறது?

மூன்றாவது, இவர்கள் மேடை பெரும்பாலும் பட்டணத்து மேடை. ஸ்ரீமுஷ்ணத்துக்கோ ஆண்டிமடத்துக்கோ இவர்கள் கைபேசி வழியாகத்தான் வருகிறார்கள். இந்தக் குறையில் பாதி நம்முடையது. நாம் கூப்பிட்டோமா?

பாட்டு விளைந்த களம்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம்.

2021 மார்ச் 7ஆம் தேதி 'எஞ்சாய் எஞ்சாமி' என்ற பாட்டு வெளிவந்தது. தீ என்ற பாடகியும் அறிவும் பாடினார்கள். இசை சந்தோஷ் நாராயணன். அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பியவர். அந்தக் கிழவியின் வாழ்க்கையும், நிலமில்லாத உழைப்பாளியின் வழக்கும் பாட்டின் உயிர். இது ஒரு குடும்பத்தின் கதை மாத்திரமல்ல. 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது. தோட்டத்தை உண்டாக்கியவர்களைக் கேட்காமலே அவர்களைப் பங்கு பிரித்துக்கொண்டார்கள்.

அந்தப் பாட்டை யூடியூபில் 40 கோடிக்கு மேற்பட்ட தடவை பார்த்திருக்கிறார்கள். ஆனால் நடந்தது என்ன? 2021 ஆகஸ்டில் ஓர் இசைப் பத்திரிகை அந்தப் பாட்டைச் சொல்லி வெளியிட்ட அட்டைப் படத்தில் அறிவு இல்லை. கண்டனம் எழுந்த பிறகு அவருக்கென்று தனி அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடங்கியபோது அந்தப் பாட்டு மேடையேறியது. அறிவு மேடையில் இல்லை. பாட்டை உருவாக்கியதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று அறிவும் இசையமைப்பாளரும் வெளிப்படையாக வாதிட்டார்கள். பிறகு 2024 மார்ச்சில் அதே இசையமைப்பாளர், மூன்று வருஷமாகியும் அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு வருமானம் எதுவும் வந்து சேரவில்லை என்று பகிரங்கமாகச் சொன்னார்.

கணக்கை விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல நாம் நீதிமன்றமல்ல. ஆனால் ஒன்று கண்கூடு. முதலில் கலைஞனும் கலைஞனும் பங்குக்காக மோதினார்கள். களத்தில் நெல்லே இல்லை என்று பிறகுதான் ஒருவர் சொன்னார். இப்படிப்பட்ட சண்டையை நாம் ஆலையில் பார்த்ததில்லையா? ஒரு பிரிவுத் தொழிலாளியும் இன்னொரு பிரிவுத் தொழிலாளியும் போனசுக்காக முறைத்துக்கொள்ளும்போது, கணக்குப் புத்தகம் எங்கே இருக்கிறது?

கணக்கு எப்படி நடக்கிறது?

இப்போது இசைத்தட்டை யாரும் வாங்குவதில்லை. கைபேசியில் கேட்கிறோம். ஸ்பாட்டிஃபை போன்ற நிறுவனங்கள் சந்தாவாகவும் விளம்பரமாகவும் வரும் பணத்தை ஒரே அம்பாரமாகக் குவிக்கின்றன. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை நிறுவனம் எடுத்துக்கொள்கிறது. மீதியை, மொத்தத்தில் எந்தப் பாட்டை எத்தனை தடவை கேட்டார்கள் என்ற விகிதப்படி பிரிக்கிறார்கள். நீங்கள் மாதம் முழுவதும் ஒரு பறைக் குழுவின் பாட்டை மட்டுமே கேட்டிருந்தாலும், உங்கள் சந்தாவில் பெரும் பகுதி உலகம் முழுவதும் ஓடுகிற பாட்டுகளுக்கே போய்ச் சேரும். அந்தப் பங்கும் நேரே பாடியவன் கைக்குப் போவதில்லை. பாட்டின் உரிமை யாரிடம் இருக்கிறதோ அவரிடம் போகிறது. அவர் ஒப்பந்தப்படி கொடுத்தால் உண்டு.

இன்னும் கேளுங்கள். ஓராண்டில் 1000 தடவைக்குக் குறைவாகக் கேட்கப்பட்ட பாட்டுக்குக் காசே கிடையாது என்று 2024 முதல் ஸ்பாட்டிஃபை விதி செய்துவிட்டது. இருப்பவனுக்குக் கொடு, இல்லாதவனிடமிருந்து எடு என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டுமா?

இது புதிய தந்திரமல்ல. 1955இல் சக் பெர்ரி என்ற கறுப்புக் கலைஞரின் முதல் இசைத்தட்டு வந்தபோது, வானொலியில் பாட்டுப் போடுகிற ஒருவரின் பெயரும் ஆசிரியர் பட்டியலில் சேர்க்கப்பட்டிருந்தது. தம் பாட்டைத் தமக்கே முழுதாக மீட்க அவருக்கு 1986 வரை ஆயிற்று.

நம் நாட்டில் சட்டமே இல்லையா? இருக்கிறது. 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், பாட்டு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உரிமைத் தொகையில் பங்கு உண்டென்றும், அந்தப் பங்கை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொண்டாலும் செல்லாதென்றும் சொல்கிறது. நல்ல சட்டம். குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் நல்ல சட்டந்தானே! சங்கம் இல்லாத இடத்தில் அது காகிதம். இதை உணர்ந்துதான் எம். பி. சீனிவாசன் (1925–1988), தாமே இசையமைப்பாளராக இருந்தும், சினிமாவில் வாத்தியம் வாசிக்கிற கலைஞர்களுக்குச் சங்கம் கட்டினார்.

நம் தெருவில் என்ன நடக்கிறது?

பட்டணத்துக் கம்பெனிகளைக் குறை சொல்லிவிட்டு நாம் கைகழுவ முடியாது. நம் ஊர்களைப் பார்ப்போம். திருவிழாவுக்கு இன்னிசைக் கச்சேரி பிடித்தால் முன்பணம், மேடை, சாப்பாடு, சால்வை. அதே திருவிழாவில் தப்படிக்கும் குழுவுக்கு? "பார்த்துக் கொடுக்கலாம்" என்ற ஒரு வார்த்தை. சாவுக்கு அடிக்க மாட்டேன் என்று சொன்னதற்காக வசவு வாங்கியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஜாதியின் பெயரால் அடிக்கச் சொன்னால் அது அடிமை வேலை. விரும்பி அடித்து, பேசிய கூலி வாங்கினால் அது கலை, தொழில். சென்னை மேடையில் பறை ஒலிக்கும்போது கைதட்டும் நாம், நம் தெருப் பறைக்காரனுக்குப் பேசிய கூலி கொடுக்கிறோமா?

ஆகவே நம் சங்கங்களின் முன் சில யோசனைகளை வைக்கிறோம்.

ஒன்று: நம் கூட்டங்களுக்கு வரும் கலைஞர்களுக்கு, அவர்கள் தோழர்களாகவே இருந்தாலும், முன்கூட்டியே கூலி பேசுவோம், கூட்டம் முடிந்த கையோடு கொடுப்போம். தப்புக்கும் கிதாருக்கும் ஒரே கூலி.

இரண்டு: நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007 முதல் இருக்கிறது. நம் ஊர்க் கலைஞர்கள் எத்தனை பேர் அதில் பதிந்திருக்கிறார்கள்? மனு எழுதத் தெரியாதவருக்கு நாம் எழுதிக் கொடுப்போம்.

மூன்று: நம் தாய்மார்களிடம் நடவுப் பாட்டும் ஒப்பாரியும் இருக்கின்றன. அவற்றை இளைஞர்கள் கைபேசியில் பதியட்டும். பாடியவர் பெயர், ஊர், தேதி மூன்றையும் குறித்து வைக்கட்டும். நாளை யாராவது அந்த மெட்டைப் பட்டணத்தில் விற்றால், இது இன்ன கிழவி பாடியது என்று சொல்லச் சாட்சி வேண்டும்.

நான்கு: பீங்கான் பட்டறையிலும் கரும்புத் தோட்டத்திலும் வேலை செய்யும் பிள்ளைகளில் பாட்டுக் கட்டுகிறவர்கள் உண்டு. சங்க அலுவலகத்தை மாலை நேரத்தில் அவர்களுக்குத் திறந்துவிடுவோம். சத்தம் கேட்கும், கேட்கட்டும்!

டீக்கடைப் பெரியவருக்கு ஒரு வார்த்தை. அந்தப் பையன் வைத்த பாட்டை இன்னொரு தடவை வைக்கச் சொல்லிக் கேளுங்கள். பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்றே சொல்லுங்கள். ஆனால் அவனிடம் உங்கள் காலத்துப் பாட்டையும் பாடிக் காட்டுங்கள்.

தம்பிக்கும் ஒரு வார்த்தை. பாட்டைக் கேட்பதோடு நின்றுவிடாதே. அதைப் பாடியவனுக்குக் கூலி போய்ச் சேர்ந்ததா என்றும் கேள். பீங்கான் பொம்மைக்குக் கடையில் என்ன விலை என்று தெரிந்த பிறகுதானே உன் கூலி எவ்வளவு குறைவு என்று உனக்குப் புரிந்தது? பாட்டின் கணக்கும் அதேதான்.