குகையிலிருந்து மீண்டவர்களிடம் ஆவணம் கேட்பதா?

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவிடமிருந்து ஜப்பான் கைப்பற்றிய குவாம் தீவின் போர்க்கால நினைவுகளைப் பற்றி அண்மையில் வெளிவந்த கட்டுரையின் சாரம் இதுதான்: முதியவர்களின் நினைவை நம்ப முடியாது, ஆவணம் இல்லாத துயரம் வரலாறு ஆகாது, இழப்பீட்டுப் பணத்துக்காகவே கதைகள் பெருகின, இவையெல்லாம் வென்ற அமெரிக்காவின் பரப்புரை. நான்குமே தவறு.

முதலில் ஆவணம். 1944 ஜூலை 15 அன்று மெரிசோ ஊரைச் சேர்ந்த 30 பேரை ஜப்பானிய வீரர்கள் டிண்டா குகைக்குள் அடைத்துக் கையெறி குண்டுகளை வீசினார்கள். பிறகு துப்பாக்கிமுனைக் கத்தியோடு உள்ளே புகுந்து, உயிர் இருந்தவர்களைத் தேடிக் குத்தினார்கள். 16 பேர் செத்தார்கள். பிணங்களோடு பிணமாக அசையாமல் கிடந்தவர்கள் தப்பினார்கள். மறுநாள் ஃபாஹாவில் இன்னொரு 30 பேர், ஒருவர்கூட மிஞ்சவில்லை. இதற்கு எந்த அலுவலகம் ரசீது எழுதிக் கொடுத்திருக்கும்? 1945 ஆகஸ்டில் சரணடையும் வேளையில் ஜப்பானிய ராணுவம் தன் கோப்புகளைப் பெருமளவில் எரித்தது. எரித்தவர்களை விட்டுவிட்டு, குகையிலிருந்து ஊர்ந்து வெளியே வந்தவர்களிடம் காகிதம் கேட்பது ஆய்வு நேர்மை அல்ல. கொன்றவர்களுக்குச் செய்யும் உதவி.

அடுத்து நினைவு. இவையெல்லாம் அரை நூற்றாண்டு கழித்துச் சொன்னவை என்பதும் உண்மையல்ல. போர் முடிந்த கையோடு குவாமில் அமெரிக்கக் கடற்படை நடத்திய போர்க்குற்ற விசாரணைகளிலேயே தீவின் பூர்வகுடிகளான சமோரோ மக்கள் சாட்சி சொன்னார்கள். முதுமையில் ஒருவருக்குத் தேதி தவறலாம், ஆள் எண்ணிக்கை தவறலாம். ஆனால் 1944 ஜூலையில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மழையிலும் சேற்றிலும் மனெங்கோன் பள்ளத்தாக்குக்கு நடத்திச் செல்லப்பட்டதும், கூரையில்லாத அந்த முகாமில் ஓலையை வளைத்து ஒதுங்கியதும், ஓடைத் தண்ணீரை நம்பிக் கிடந்ததும் வெவ்வேறு குடும்பங்கள் தனித்தனியே சொன்னவை. அத்தனை பேரும் சேர்ந்து ஒரே கனவைக் கண்டார்களா?

அடுத்து பணம். 1945இல் அமெரிக்கா கொண்டுவந்த இழப்பீட்டுச் சட்டத்தின் காலக்கெடு 1946 டிசம்பரோடு முடிந்துவிட்டது. வீடிழந்து அகதி முகாமில் கிடந்தவர்களில் பலருக்கு அப்படியொரு சட்டம் இருப்பதே தெரியாது. 1951 சமாதான உடன்படிக்கையில், ஜப்பானிடம் இழப்பீடு கேட்கும் உரிமையை அமெரிக்கா கைவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டுதான் குவாம் மக்கள் அமெரிக்கக் குடிமக்கள் ஆகியிருந்தார்கள். அவர்களின் கோரிக்கையை ஏற்கும் சட்டம் வந்தது 2016இல். கட்டாய நடைப்பயணத்துக்கு அது நிர்ணயித்த தொகை 10,000 டாலர். அதற்குள் அந்தத் தலைமுறையில் பெரும்பாலோர் மண்ணுக்குள் போய்விட்டார்கள். தங்களுக்கு நேர்ந்த வன்கொடுமையைப் பல பெண்கள் சொந்தப் பிள்ளைகளிடம்கூடச் சொல்லாமலே இறந்தார்கள். இவர்களையா பணத்துக்காகக் கதை கட்டியவர்கள் என்பது?

பரப்புரை என்ற குற்றச்சாட்டு எல்லாவற்றிலும் மோசமானது. 1941 டிசம்பர் 8, அமலோற்பவ மாதா திருநாள். கோயிலில் பூசை கண்டுகொண்டிருந்தபோது ஜப்பானிய விமானங்கள் வந்ததை நினைவுகூரும் அதே முதியவர்கள், 1944இல் அமெரிக்கக் குண்டுவீச்சு ஹகாட்னா நகரைத் தரைமட்டமாக்கியதையும் சொல்கிறார்கள். விடுதலைக்குப் பின் தங்கள் நிலங்களை அமெரிக்க ராணுவத் தளங்கள் விழுங்கியதையும் சொல்கிறார்கள். பரப்புரைக்காரன் தன் எசமானைக் குறை சொல்லமாட்டான். சமோரோ மக்களின் நினைவு இரு பேரரசுகளையும் கூண்டில் ஏற்றுகிறது. கட்டுரையாளர் தமக்குத் தோதான பாதியை மட்டும் படித்துவிட்டு, மறுபாதி இல்லவே இல்லை என்கிறார்.

சாட்சியத்தைச் சோதிக்க வேண்டும். ஒன்றோடொன்று ஒப்பிட்டு, பிழை இருந்தால் திருத்த வேண்டும். அது வரலாற்றாசிரியரின் கடமை. சோதிக்காமலே மொத்தமாகத் தள்ளுவது மறுப்புவாதம். இன்று உயிரோடிருப்பவர்கள் அன்று குழந்தைகளாக இருந்தவர்கள். அவர்களும் மிகச் சிலரே. இந்த நினைவுகளைச் சந்தேகிப்பவர்கள், எழுதும் முன் ஒருமுறையாவது அவற்றை முழுதாகப் படிக்கட்டும்.